கானாங்கோழிகளின் எல்லைத் தூண்

கால்வாயில் இரண்டு சோடிக் கானாங்கோழிகள் இருந்தன. ஒரு சோடியின் இடம் பாலத்திலிருந்து கடல் பக்கமாக, மற்றதன் இடம் பாலத்திலிருந்து உள்ளே, பாமன்கடைப் பக்கமாக. இரண்டுக்கும் நடுவிலான எல்லை சரியாகப் பாலத்தின் தூணடியில் விழுந்தது. அதை நான் தெரிவு செய்யவில்லை, பறவைகள்தான் தெரிவு செய்தன. பின்னால் ஒரு பொலிஸ் அதிகாரிக்கு இதை விளங்கப்படுத்த முயன்றபோது, இது எவ்வளவு மட்டமான சாட்டாகக் கேட்கிறது என்பது எனக்கே விளங்கியது.

நாங்கள் அப்போது வெள்ளவத்தையில், கால்வாயில் போய் முட்டி முடிகிற ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் அப்பா, அம்மா, நான். அப்பா யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சண்டைக்குள்ளால் வெளியேறிக் கொழும்புக்கு வந்தபின், சந்தைக்குப் போவதும் வடக்கிலிருந்து வந்த தமிழர் பொலிஸில் போட வேண்டிய பதிவைப் புதுப்பிப்பதும்தான் அவருடைய வேலைகளாக இருந்தன. நான் கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் குவான்டிற்றி சேவையர். கட்டப்போகும் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்து, எத்தனை கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு சீமெந்து என்று அளந்து பட்டியல் போடுகிற வேலை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். அளந்து எழுதிய ஒன்றோடு யாரும் தர்க்கப்பட முடியாது என்று அந்த வயதில் நம்பினேன்.

கமரா, ஜேர்மனியிலிருந்து வந்துபோன பெரியம்மாவின் மகன் விட்டுப்போனது. அதோடு ஒரு நீளமான லென்ஸும் இருந்தது. அவர் அதால் கலியாண வீடுகளைப் படம் எடுத்தவர். எனக்குக் கலியாண வீடுகளில் ஆர்வமில்லை.

கானாங்கோழியைப் பார்க்காதவர்களும் அதைக் கேட்டிருப்பார்கள். கோழிக்குஞ்சைவிடப் பெரிது, கோழியைவிடச் சிறிது. முதுகு கறுப்பு, முகமும் நெஞ்சும் வெள்ளை, வாலுக்குக் கீழே செம்மண் நிறம். நடக்கும்போது அந்தச் செம்மண் நிறம் தெரியத்தக்கதாக வாலை வெட்டி வெட்டித் தூக்கும். கொழும்பில் சிங்களவர்கள் கொரவக்கா என்பார்கள். மழை பெய்து ஓய்ந்த காலையில் அது கத்தத் தொடங்கினால் துருப்பிடித்த கிணற்றுக் கப்பியை யாரோ விடாமல் இழுப்பதுபோல இருக்கும். எங்கள் குசினிச் சுவருக்கு அங்கால்தான் கால்வாய். "ஆரோ தொண்டையிலை முள்ளுச் சிக்கிக் கிடந்து கத்துறான்" என்று அம்மா ஜன்னலைச் சாத்துவார்.

நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் தொடங்கியது.

கத்துவது சும்மா கத்துவது அல்ல என்று கொஞ்ச நாளில் விளங்கியது. இந்தப் பக்கத்து ஆண் கத்தினால் அந்தப் பக்கத்து ஆண் பதில் சொல்லும். இரண்டும் தத்தம் கரையால் தூணை நோக்கி நடந்து வரும். தூணடிக்கு வந்ததும் எதிரெதிராக நிற்காமல், பக்கம் பக்கமாக, ஒன்றையொன்று பாராததுபோல, கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தி ஒரே திசையில் நடக்கும். இரு வீட்டுக்காரர் மதில் ஓரமாக நடந்து பார்ப்பதுபோல. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சில காலைகளில் மட்டும் ஒன்று ஓர் அடி கூட வைத்துவிடும். அப்போது இரண்டும் மேலெழும்பி, பின்னுக்குச் சாய்ந்து, நீண்ட கால்விரல்களால் ஒன்றையொன்று பற்றி உதைக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தோற்றது தன் பக்கம் ஓடும். வென்றது துரத்தும், ஆனால் தூணடிக்கு வந்ததும் தானே நின்றுவிடும். தாண்டினால் தான் அடிபடும் என்று அதற்குத் தெரியும். ஒரே பறவை தூணுக்கு இந்தப் பக்கம் வீரன், அந்தப் பக்கம் கோழை. இந்த நேர்த்தி என்னைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு ஒரே ஒரு படம் வேண்டியிருந்தது. இரண்டும் அந்தரத்தில், கால்கள் கோர்த்தபடி. எடுத்தவை எல்லாம் பிழையாய்ப் போயின. ஒன்றில் தண்ணீர் மட்டும், ஒன்றில் ஒரு வால், ஒன்றில் ஆகாயத்தாமரை இலை மிகத் தெளிவாக. பிலிமைக் கையால் சுற்றுகிற கமரா, விடிகாலை வெளிச்சம் போதாது, லென்ஸ் பாரம். ஆகவே வேறு வழியால் போனேன். சண்டை எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் லென்ஸை அங்கே வைத்துக் காத்திருக்கலாம் அல்லவா? அதற்காக ஒரு வரைபடம் கீறினேன்.

கிராப் தாளில், அளவுத்திட்டத்துக்கு, எங்கள் மதில் மூலையிலிருந்து தொடங்கிக் கால்வாயின் இரு கரைகளும், பாலமும், பாலத்தின் தூண்களும். தூரங்களைக் காலடியால் அளந்து சரிபார்த்தேன். பறவைகள் வந்த வழிக்கு ஓர் அம்புக்குறி, போன வழிக்கு ஓர் அம்புக்குறி, மோதிய இடங்களில் சிவப்புப் பேனையால் பெருக்கல் குறிபோலப் புள்ளடி. அலுவலகப் பழக்கத்தில் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதினேன். 'அட்வான்ஸ்', 'றிற்றீற்', 'அற்றாக் பொயின்ற்'. முன்னேற்றம், பின்வாங்கல், தாக்கும் இடம்.

இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். நானும் அடித்துக்கொள்கிறேன். அந்தப் பாலத்தின் மேல் மண்மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அங்கே அடையாள அட்டையைக் காட்டித்தான் போவேன். ஆனாலும் வரைபடம் கீறும்போது அது என் கண்ணில் படவில்லை. எங்கள் தொழிலில் ஓர் இடத்தை அளக்கும்போது தற்காலிகமான சாமான்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாரம், மரக்குற்றி, மண்மூட்டை. அவை கட்டடத்தின் பகுதி அல்ல. அப்படிப் பழகிய கண் பாலத்தையும் தூண்களையும் பார்த்தது, மண்மூட்டையை விட்டுவிட்டது. யுத்தத்தை நான் தற்காலிகமான சாமான்களோடு சேர்த்துவிட்டேன் போலும்.

அன்று இரவு மழை பெய்து, விடிய ஓய்ந்திருந்தது. கானாங்கோழிகள் கத்திய கத்தில் அம்மா தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தார். நான் வீட்டுப் பாவாடையோடு, மேலே அப்பாவின் பழைய சேட்டைப் போட்டுக்கொண்டு, பையோடு மதில் ஓரத்தால் கரைக்கு இறங்கினேன். சேற்றில் முழங்கால் ஊன்றி லென்ஸைத் தூணடியில் வைத்தேன். இரண்டும் வந்தன. பக்கம் பக்கமாக நடந்தன. ஒன்று ஓர் அடி கூட வைத்தது.

எடுத்துவிட்டேன் என்று கைக்குத் தெரிந்தது. பிலிமைச் சுற்றினேன், சுற்றுப்படவில்லை. றோல் முடிந்திருந்தது. அப்போதுதான் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"நங்கி, மொகத கரன்னே?" தங்கச்சி, என்ன செய்கிறாய் என்று கேட்டான் ஒருவன். ரோந்து வந்த இரண்டு படைவீரர்கள். குரலில் கோபம் இருக்கவில்லை.

"கொரவக்கா" என்றேன்.

இருவரும் கால்வாயைப் பார்த்தார்கள். அங்கே ஒரு பறவையும் இல்லை. பாலம்தான் இருந்தது.

என்னை ஒழுங்கையால் மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். காலை நேரம். பூக்கண்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அன்ரி ஒருவர் குழாயைப் போட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு கேற் சாத்தப்பட்டது. இன்னொரு கேற். அவர்களில் பிழையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வெளிநாட்டுக்குப் போகக் காத்திருக்கிற யாரோ ஒருவர் இருந்தார்கள். பயமாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது பாவாடையின் முன்பக்கச் சேறுதான். அதைக் கையால் மறைக்கவும் முடியவில்லை. கமராவை இரு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லியிருந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தில் என் பையை மேசையில் கொட்டினார்கள். லென்ஸ் மூடி, பேனைகள், அடிமட்டம், பொலித்தீனில் சுற்றிய வரைபடம், மாரிக்குப் போடும் தொப்பி, அலுவலகத்துக்கென்று எப்போதும் வைத்திருக்கும் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதி ஒன்று. பொதியைக் கொன்ஸ்ரபிள் பேனைமுனையால் பிரித்தான். உள்ளே இருந்த மாதவிலக்குப் பஞ்சு மேசையில் விரிந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா உள்ளே வந்தார். ஓர் ஓட்டோவைப் பிடித்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். சேட்டுப் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் பூட்டுப்பட்டிருந்தன. மேசையைப் பார்த்தார், உடனே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுப்பதிகாரி நடுத்தர வயதுக்காரர். என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார். மரியாதையாகவே கதைத்தார். நானும் நிதானமாகப் பதில் சொன்னேன். பதற்றப்படாமல் ஒழுங்காகச் சொன்னால் ஒழுங்காக விளங்கும் என்று நினைத்தேன். முதலாவது, இவை எல்லை பிடிக்கும் பறவைகள். இரண்டாவது, எல்லை நிலையானது, ஆகவே வரைபடத்தில் குறிக்கலாம். மூன்றாவது, குறித்தால் மோதல் நடக்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லலாம்.

"மோதல் நடக்கும் இடம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். வரைபடத்தை விரித்து, சிவப்புப் புள்ளடிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். எல்லாம் தூணடியில். "உமக்கு ஆர் பயிற்சி தந்தது?"

தொழில்நுட்பக் கல்லூரியில் அளவையும் வரைதலும் படித்தேன் என்றேன். அது உண்மை.

"இதை ஆரிட்டைக் குடுக்கிறீர்?"

"ஒருத்தரிட்டையும் இல்லை."

"பத்திரிகைக்கு?"

"இல்லை."

"அப்ப எதுக்கு?"

எல்லாவற்றையும் பட்டியல் போடுகிற எனக்கு, எதற்கு என்ற இடத்தில் எழுத ஒரு சொல் இல்லை. பார்க்க ஆசை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பெண்பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, விடியற்காலையில் சேற்றுக்குள் முழங்காலில் நின்று, ஒரு பாலத்தை அளவுத்திட்டத்துக்குக் கீறி வைத்துக்கொண்டு, ஆசை என்கிறாள். எனக்கே வெட்கமாக இருந்தது. பேசாமல் நின்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கோப்போடு சேர்த்து என்னைப் பின்னேரம் மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். அந்தச் சொல்லின் பொருள் வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். மேலிடத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலர் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தார்கள். சிலருடைய தாய்மார் இன்னும் வாசல்களில் நின்றார்கள்.

அப்பா எழுந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனால் அதில் அவர் தொடங்கவில்லை. தேங்காயும் மீனும் வாங்குகிற தன் சந்தைச் சிங்களத்தில், கையைக் கூப்பாத குறையாக, "சேர், மேயாட்ட பிஸ்ஸு" என்றார்.

இவளுக்குப் பைத்தியம்.

அதிகாரி நிமிர்ந்தார். "பிஸ்ஸு?"

"ஓவ் சேர். ஹெமதாம உதே." ஒவ்வொரு நாளும் காலையில் என்றார். அதற்குமேல் அவருக்குச் சிங்களம் போதவில்லை. விரலைத் தலைக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். "கொரவக்கா, கொரவக்கா, கொரவக்கா!"

கொன்ஸ்ரபிள் சிரித்துவிட்டான். நான் வாயைத் திறந்தேன்.

"பிள்ளை, நீ கதையாதை" என்றார் அப்பா தமிழில், என்னைப் பாராமலே. "உன்ரை வாயாலைதான் நாசமாப் போகுது."

அது சரிதான். ஒவ்வொரு தெளிவான வசனத்தாலும் நான் என்னைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். வாயை மூடினேன். கூடவே காதெல்லாம் எரிந்தது. பைத்தியம் என்ற சொல்லால் அல்ல, அந்த அதிகாரியின் முகத்தில் வந்த மாற்றத்தால். இவ்வளவு நேரமும் என்னை ஓர் ஆபத்தாகவாவது மதித்திருந்த முகம் அது. இப்போது அதில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

"பிலிமைக் கழுவிப் பார்ப்பம்" என்றார் அவர்.

கொன்ஸ்ரபிள் றோலைக் காலி வீதியில் உள்ள ஸ்ரூடியோவுக்குக் கொண்டுபோனான். எங்களை வாசலில் கிடந்த மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள். அந்த வாங்குக்கு முன்னால்தான் பதிவுக்கு வருகிறவர்களின் வரிசை. கையில் படிவமும் படமுமாக எல்லாரும் எங்கள் ஆட்கள். என் சேற்றுப் பாவாடையைப் பார்ப்பதும் பிறகு பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்புவதுமாக நின்றார்கள். நானும் அந்த வரிசையில் எத்தனையோ முறை நின்று, இந்த வாங்கில் இருந்தவர்களை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"சேர்! நீங்களோ?" வரிசையிலிருந்து ஒரு பெடியன் கிட்ட வந்தான். அப்பாவிடம் யாழ்ப்பாணத்தில் படித்தவன். "என்னைத் தெரியுதோ சேர்? பின் வாங்கிலை இருந்தவன். நீங்கள் சோக்குக்கட்டியாலை எறிஞ்சு எறிஞ்சே எனக்குக் கேத்திரகணிதம் வந்தது."

"எறிஞ்சது எல்லாம் உன்னிலை பட்டதோ?"

"அரைவாசி பக்கத்திலை இருந்தவனிலை சேர். அதுதான் அவன் கனடாவிலை, நான் இஞ்சை."

அப்பா சிரித்தார். கொழும்புக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டது குறைவு. "என்ன சேர் இந்தப் பக்கம்?" என்று அவன் கேட்டான். கேட்டபின்தான் என்னைக் கண்டான்.

"சும்மா. ஒரு பதிவு விசயமாய்."

"ஓம் ஓம்" என்றான் அவன் அவசரமாக.

அந்த நேரம் ஸ்ரூடியோவுக்குப் போன கொன்ஸ்ரபிள் படக் கவரோடு படியேறி வந்தான். உள்ளே போகிற போக்கில் எங்களைப் பார்த்து, வரிசை முழுவதற்கும் கேட்க, "ஆ, பிஸ்ஸு நோனாகே தாத்தா, எண்ட எண்ட!" என்றான். தாத்தா என்றால் சிங்களத்தில் அப்பா. பைத்தியக்கார அம்மணியின் அப்பா, வாரும் வாரும். அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் அவ்வளவு சிங்களம் தெரியும்.

அப்பா எழுந்து, தன் மாணவனிடம் "போட்டு வாறன் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். பழைய பள்ளிக்கூட நடை. முதுகு நேராக. நான் அவருக்குப் பின்னால் போனேன். அந்தப் பெடியனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரி படங்களை மேசையில் வரிசையாக வைத்தார். வால். தண்ணீர். இலை. அரைவாசிப் பறவை. தூண். ஒரு படத்தை வைக்கும்போதும் அடுத்ததை எடுக்கும்போதும் அவர் என்னைப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் தூண் இருந்தது. பிறகு அவர் கடைசிப் படத்தை வைத்தார்.

இரண்டும் அந்தரத்தில் நின்றன. நெஞ்சுகள் பின்னுக்கு விலகி, கால்விரல்கள் கோர்த்து, சிறகு விரிந்து, செம்மண் வால்கள் இரண்டும் தெரிய. உதறிய தண்ணீர்த் துளிகள்கூடத் தனித்தனியாக விழுந்திருந்தன.

நான் எங்கே நிற்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். மேசைக்கு மேலாக, அந்த அதிகாரியின் கைக்குக் குறுக்காகக் குனிந்து, படத்தைக் கண்ணுக்குக் கிட்ட எடுத்தேன். "நகம்கூடத் தெரியுது! அப்பா, பாருங்கோ, நகம் தெரியுது. இந்த வெளிச்சத்துக்கு இது வராது, வரவே வராது" என்று சொல்லிச் சிரித்தேன். சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தபோது அறையில் யாரும் சிரிக்கவில்லை. பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தியிருந்தார்.

அதிகாரி கொன்ஸ்ரபிளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "ஹரி. பிஸ்ஸு தமய்." சரி. பைத்தியம்தான்.

பிறகு படத்தை என் கையிலிருந்து வாங்கி, தானும் பார்த்தார். அவர் பார்த்தது பறவைகளை அல்ல. அவர் கண் போன இடத்துக்கு என் கண்ணும் போனது. பறவைகளுக்கு மேலே, படத்தின் மேல்மூலையில், மண்மூட்டைகள். அவற்றில் சாய்ந்தபடி காவலுக்கு நின்றவன் நித்திரை. வாய் திறந்திருந்தது. துவக்கு பக்கத்தில் தனியாகச் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு காலையும் என் அடையாள அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிற அதே பெடியன். அவ்வளவு சின்னப் பெடியன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதிகாரி தன் உள்ளங்கையைப் படத்தின் மேல்பாதியில் வைத்தார். இப்போது கானாங்கோழிகள் மட்டும் தெரிந்தன. மேலிடத்துக்கு என்னை அனுப்பினால் வரைபடம் போகும். வரைபடத்தோடு படங்கள் போகும். இந்தப் படமும் போகும். அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் அவருக்கும் வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். அவர் குரல் முதல்முறையாகக் கடுமையாக மாறியது.

தகப்பன் சொன்னபடி எழுதப் போவதாகவும், நான் கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். படங்களும் நெகட்டிவும் வரைபடமும் அங்கேயே நிற்கும். இனிப் பாலத்தடியில் கண்டால் தகப்பனையும் சேர்த்துத்தான் கொண்டுபோவார்.

எழுதிய தாளை என் முன்னால் வைத்தார்கள். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது. வாசிக்காத தாளில் நான் வாழ்நாளில் கையெழுத்து வைத்ததில்லை. "வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ" என்றேன் அதிகாரியிடம், ஆங்கிலத்தில்.

"பிள்ளை!" என்றார் அப்பா.

அதிகாரி தலையாட்டினார். கொன்ஸ்ரபிள் வாசித்தான். இன்ன முகவரியைச் சேர்ந்த இன்னாரின் மகள், நீண்டகாலமாகப் புத்தி பேதலித்தவள், தான் செய்வது இன்னதென்று அறியாதவள், தகப்பனின் காவலில் விடப்படுகிறாள். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நிறுத்தங்களில் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், அடுத்ததுக்குப் போகட்டுமா என்பதுபோல. நான் தலையசைத்தேன். முடிந்ததும் பேனையை வாங்கி, அலுவலகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் வைக்கிற அதே கையெழுத்தை, கோட்டுக்கு மேலே நேராக வைத்தேன்.

"நல்ல வடிவான கையெழுத்து" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில். எனக்கு அழுகை வந்தது அந்த இடத்தில்தான்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வரிசையில் அப்பாவின் மாணவன் இல்லை. வேலை முடிந்து போயிருக்கலாம், அல்லது எங்கள் கண்ணில் படாமல் இருக்கப் போயிருக்கலாம். ஓட்டோ பிடிப்பமா என்று நான் கேட்டேன். நடப்பம் என்றார் அப்பா. காலி வீதியின் சனத்துக்குள்ளால் அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக நடந்தோம். கமரா என் தோளில் வெறுமையாகத் தொங்கியது. தபால் பெட்டியடியில் நின்று, நான் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிப் போகமாட்டாய்தானே?"

போகமாட்டேன் என்று சொல்வது எவ்வளவு இலகு. அவருக்கு அன்று அந்த ஒரு சொல்லைக் கொடுக்க நான் கடமைப்பட்டிருந்தேன். ஆனால் அந்தப் படம் கண்ணுக்குள் நின்றது. நெகட்டிவ் அவர்களிடம். இன்னொரு றோல் வீட்டில் இருந்தது. அடுத்த மழை எப்போது வரும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா அதை என் முகத்தில் வாசித்தார் என்றுதான் நினைக்கிறேன். மறுபடி நடக்கத் தொடங்கினார்.

நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். "நல்ல நேரத்திலை அந்தப் பொய் உங்களுக்கு வாயிலை வந்தது அப்பா" என்றேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி அது.

வீதியைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்தார். மறுகரைக்கு வந்தபின்னும் விடவில்லை.

"கொம்மாவும் நானும் கதைக்கிறனாங்கள்" என்றார். "விடியக் காலமை எழும்பி நீ போகேக்கை, நாங்கள் முழிச்சுத்தான் கிடக்கிறனாங்கள். கொம்மா ஒரு டொக்டரைக் கூட விசாரிச்சு வைச்சிருக்கிறா. ஹெவ்லொக் டவுனிலை. சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போகலாமாம்."

"அப்பா?"

"பொய் எண்டு சொல்லாதை. எனக்குச் சிங்களத்திலை பொய் சொல்லுற அளவுக்குச் சிங்களம் தெரியாது பிள்ளை."

வேகமாகப் போன பஸ் ஒன்று எங்கள் இருவர் மேலும் தூசியை இறைத்துவிட்டுப் போனது. பொலிஸ் நிலையத்தில் பட்ட வெட்கங்களை எல்லாம் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் அடுக்கியபடி வந்திருந்தேன். அவை எல்லாம் வேறு யாரோ எனக்குச் செய்தவை. இதை அந்த வரிசையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. என் அமைதியான, ஒழுங்கான காலைகளை இரண்டு பேர் இருட்டுக்குள் கண் விழித்துப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அம்மா கேற்றடியில் நின்றார். காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஓடிவந்து என் முகத்தையும் கைகளையும் தடவிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கேற் கொஞ்சம் திறந்திருந்தது.

"விட்டிட்டாங்களோ? முழுசா விட்டிட்டாங்களோ? என்ன சொல்லி விட்டவங்கள்?"

அப்பா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

"எனக்கு விசராம் அம்மா, பைத்தியமாம். அதாலை விட்டிட்டாங்கள்" என்றேன், பகிடிபோல.

அம்மா சிரிக்கவில்லை. என் கையை விடாமல், அப்பாவைத்தான் பார்த்தார்.